மிதவைப் பெண்கள் நிற்பதில்லை

அறைக்குள் போவதற்கு முன் ரெஜிலா நடைகூடத்து இருக்கையில் உட்கார்ந்து உள்வாழ்வியை நெற்றியில் கட்டிக்கொண்டாள். பட்டையின் ஓரத்திலிருந்த சிறு திரையில் 'மிதவைக்காரர், பெண்' என்ற பதிவைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கண்ணை மூடினாள். முதலில் நெற்றிப்பொட்டில் ஒரு குளிர்ச்சி. பிறகு வழக்கம்போல் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக வேறொருத்தியின் உடம்பானது. தோள்கள் ஒடுங்கின. குரல் தொண்டைக்குள் இறங்கிப் பதுங்கிக்கொண்டது. எழுந்து நின்றபோது அடிவயிறு கனத்தது. இடது கை தானாகப் போய் இடுப்பில் ஊன்றிக்கொண்டது. பட்டையைக் கழற்றிச் சுவரில் மாட்டிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

கரைமேடு மருத்துவமனையில் செவிலியர் யாரும் உள்வாழ்வி இல்லாமல் ஒரு நோயாளியிடம் போவதில்லை. ஒரு சமூகத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் ஓராண்டுக் காலம் பதிவுப் பட்டையைக் கட்டிக்கொண்டு வாழ்வார். அவருடைய உடம்பு எதற்குக் கூசுகிறது, எதற்கு அஞ்சுகிறது, எதைக் கண்டால் தளர்ந்து இளகுகிறது என்பதெல்லாம் வாழ்பதிவாகச் சேமிக்கப்படும். நினைவுகள் அதில் வராது. முகங்களோ பேச்சோ வராது. உடம்பு கற்றுக்கொண்டது மட்டும் வரும். சில நிமிடங்கள் கட்டிக்கொண்டால் போதும், ஒரு மணி நேரத்துக்கு அந்த ஆளின் கூச்சமும் அச்சமும் செவிலியருக்குள் இருக்கும்.

முன்பெல்லாம் செவிலியர் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு முழுக்க அதற்கென்று ஒரு பாடம் இருந்தது. யாரிடம் எப்படிப் பேசுவது, எதை நேராகக் கேட்கலாம், எதைச் சுற்றிவளைத்துக் கேட்கவேண்டும், பதில் வராவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருக்கவேண்டும் என்று சொல்லித்தருவார்கள். மாணவிகளுக்கு அது சலிப்பு. மருத்துவமனைகளுக்கு அது நேர விரயம். உள்வாழ்வி வந்ததும் அந்தப் பாடத்தை எடுத்துவிட்டார்கள். ரெஜிலா படிக்கும்போதே அது போய்விட்டது. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவையே இல்லாமல் எல்லாம் உள்ளே இருந்து தெரியும்போது யார் போய்ப் பாடம் படிப்பார்கள்?

நன்மை இல்லாமலும் இல்லை. கடல் ஏறிக் கரையோர ஊர்கள் அழிந்தபோது மிதவை மேடைகளில் குடியேறியவர்கள் மூன்று தலைமுறையாக அங்கேயே வாழ்கிறார்கள். அவர்கள் மருத்துவமனைப் பக்கம் வருவதே அரிது; வந்த ஓரிருவரும் பாதியில் எழுந்து ஓடிவிட்டார்கள். காரணம் யாருக்கும் புரியவில்லை. உள்வாழ்வி வந்த பிறகுதான் தெரிந்தது. மருத்துவமனைக்குள் வந்ததும் முதல் வேலையாக மணிக்கட்டில் நாடிக்காப்பைப் பூட்டிவிடுவார்கள். ரத்த அழுத்தத்தையும் துடிப்பையும் அதுவே கணித்து மேசைக்கு அனுப்பும். ஆனால் மிதவையில் இறந்தவர்களைக் கடலில் இறக்குவதற்கு முன் மணிக்கட்டில்தான் கல்லைக் கட்டுவார்கள். பதிவைக் கட்டிக்கொண்ட முதல் செவிலி நாடிக்காப்பைப் பார்த்ததுமே வாந்தி எடுத்துவிட்டாள். அன்றோடு மிதவைக்காரர்களுக்குக் காப்பு கிடையாது என்று ஆனது. அதன் பிறகு அவர்கள் மருத்துவப் படகில் வரத் தொடங்கினார்கள். சென்னையிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

அறையில் இருந்தவள் பெயர் வலம்புரி. அவளுக்கு அன்று காலையில்தான் முதல் பிரசவம் ஆகியிருந்தது. சுகப்பிரசவம்தான். பெண் குழந்தை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. பிரசவம் பார்த்த டாக்டர் மெஹர் அடுத்த அறுவைக்குப் போய்விட்டார். கணவன் இன்னாசி மருந்துக்கடையில் நின்றிருந்தான்.

வலம்புரி நெஞ்சுவரை போர்வையை இழுத்துப் போர்த்திப் படுத்திருந்தாள். ரெஜிலாவைப் பார்த்ததும் அவள் கண்கள் ஒரு கணம் விரிந்தன. ஏதோ சொல்ல வந்தவள் போல உதட்டைப் பிரித்தாள். பிறகு ரெஜிலாவின் இடுப்பில் ஊன்றியிருந்த கையைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

ரெஜிலா சிரித்து, பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, காற்று எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். மிதவைக்காரர்கள் நலம் விசாரிப்பது அப்படித்தான்.

"நல்லா இருக்கு சிஸ்டர்" என்றாள் வலம்புரி.

குரல் தூரத்திலிருந்து வந்தது. உதடு வெளுத்திருந்தது. மணிக்கட்டைத் தொடக்கூடாது, காலைத் தொடலாம் என்பதால் ரெஜிலா போர்வையின் நுனியை விலக்கிப் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. பாத விரல்களில் வியர்வை பிசுபிசுத்தது.

அந்த இடத்திலேயே ரெஜிலாவுக்குத் தெரிந்துவிட்டது. வியர்த்த, குளிர்ந்த கால் என்றால் என்ன பொருள் என்று எந்தச் செவிலிக்கும் தெரியும். பிரசவமாகிச் சில மணி நேரத்தில் இப்படி இருந்தால் ரத்தம் போகிறது. போர்வையைத் தூக்கிப் பார்க்கவேண்டும். வயிற்றில் கை வைத்துக் கருப்பை இறுகியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மனம் இதை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

உடம்பு கேட்கவில்லை. சுறா நடமாடும் தண்ணீருக்கு மேல் வாழ்கிறவர்கள் ரத்தம் என்ற சொல்லையே வாயில் எடுக்காமல் பழகியவர்கள். பிள்ளை பெற்றவளின் துணியை அங்கே யாரும் பார்ப்பதில்லை. கண்ணில் பட்டுவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். தெரிந்தவள் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதுதான் அங்கே அன்பு. அந்த அன்பு இப்போது ரெஜிலாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. போர்வையைத் தூக்குவதை நினைத்ததும் சந்தை நடுவில் தன் சேலையை யாரோ உருவுவது போல அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. முகம் தானாகத் திரும்பிச் சன்னலைப் பார்த்தது.

குளிர்ந்த பாதத்தைப் போர்வையால் நன்றாக மூடிவிட்டு, ஓய்வெடுக்கும்படி சொல்லிவிட்டு, வெளியே வந்துவிட்டாள்.

மேசைக்கு வந்து பதிவேட்டுத் திரையைத் திறந்தாள். 'ரத்தப்போக்கு' என்ற கட்டத்தின் மேல் விரல் நின்றது. அங்கே அழுத்தவேண்டும், அவ்வளவுதான். விரல் நகர்ந்து அதற்குக் கீழே இருந்த 'ஓய்வில்' என்பதை அழுத்தியது. காலையிலிருந்து வந்த இரண்டு செவிலியரும் அதையேதான் அழுத்தியிருந்தார்கள். அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

பக்கத்து அறையிலிருந்து சுஜின் வந்தான். அவளைவிட இளையவன், ஊர்க்காரன், இருவரும் ஒரே பேருந்தில்தான் விடுமுறைக்குப் போவார்கள். மலைக்கிராமத்துப் பெரியவர் ஒருவரைப் பார்ப்பதற்காக அவனும் ஒரு பதிவைக் கட்டியிருந்தான். அந்தப் பெரியவரின் ஊரில் ஆண்கள் பெண்களின் பிரசவ விஷயத்தைக் காதில் வாங்குவதே கிடையாது.

"எக்கா, முகமெல்லாம் ஏன் இப்படி இருக்கு?"

"சுஜின், எங்கிட்ட ஒரு கேள்வி கேளு."

"என்ன கேக்கணும்?"

"அந்த ரூம்ல என்ன பாத்தேன்னு கேளு. நீ கேட்டாத்தான் என்னால சொல்ல முடியும்."

சுஜின் வாயைத் திறந்தான். அவன் காது சிவந்தது. கண்கள் அவளை விட்டு விலகித் தரைக்குப் போயின. பிரசவ அறை என்பதை அவன் உடம்பு புரிந்துகொண்டுவிட்டது. மன்னிச்சிருங்கக்கா என்று முணுமுணுத்துவிட்டுத் திரும்பி நடந்தான். நாலடி போனவன் நின்றான். தன் காலையே வெறுப்போடு பார்த்துக்கொண்டு நின்றானே தவிர, திரும்பி வரவில்லை.

கதவின் கண்ணாடி வழியாக ரெஜிலா உள்ளே பார்த்தாள். வலம்புரி ஒரு கையால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அடியில் இருந்த துணியை மடித்து மடித்து ஒளித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை மிக மெதுவாக அசைந்தது. பாதியில் நின்றது. பிறகு கட்டிலின் ஓரத்தில் அப்படியே தொங்கியது.

பதிவின் வேகம் தணிய இன்னும் நெடுநேரம் இருக்கிறது. அதுவரை இந்தப் பெண் தாங்கமாட்டாள். வேறு யாரையாவது அழைக்கலாம் என்றால் அந்தத் தளத்தில் இருக்கும் எந்தச் செவிலி வந்தாலும் முதலில் இருக்கையில் உட்கார்ந்து பட்டையைக் கட்டிக்கொண்டுதான் வருவாள். விதி அப்படி. டாக்டர்களுக்கு உள்வாழ்வி கிடையாது; நோயாளியோடு இருக்கத்தான் செவிலியர் இருக்கிறார்களே என்று கொடுக்கவில்லை. ஆனால் டாக்டரை அழைத்தாலும், அபாய மணியை அடித்தாலும் என்னவென்று சொல்லவேண்டும். அந்தச் சொல் தொண்டையைத் தாண்டாது.

ரெஜிலா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கட்டிலை நெருங்க நெருங்கக் கால் வாசலுக்கே திரும்பப் பார்த்தது. கண்ணில் நீர் கோத்தது. போர்வையைப் பிடித்த கை இரண்டு முறை நழுவியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அதை உருவினாள். பிறகு கண்ணைத் திறந்தாள்.

படுக்கை முழுக்கச் சிவப்பு.

"ரத்தம்" என்றாள். ஏதோ கெட்ட வார்த்தையைச் சொன்னது போல அவள் நாக்கு கசந்தது. மறுபடியும் சொன்னாள். "ரத்தம் போகுது உனக்கு. எப்பத்துல இருந்து போகுது?"

வலம்புரியின் கண்கள் பாதி திறந்தன. "பிள்ளை பெறந்ததுல இருந்தே" என்றாள். "யாராச்சும் கேப்பீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

அபாய மணியை அழுத்திவிட்டு ரெஜிலா அவள் வயிற்றில் கை வைத்தாள். பந்துபோல இறுகியிருக்கவேண்டிய கருப்பை பிசைந்த மாவாகக் குழைந்து கிடந்தது. உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்க்கத் தேய்க்க ரத்தக் கட்டிகள் வெளியே வந்தன. ஒவ்வொன்றுக்கும் அவள் முகம் சன்னல் பக்கம் திரும்ப முயன்றது. ஒவ்வொரு முறையும் அவள் அதை இழுத்துக்கொண்டு வந்தாள். அழுதுகொண்டே வேலை செய்தாள். என்ன செய்கிறேன், ஏன் செய்கிறேன் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்தாள். சொன்னால் கொஞ்சம் எளிதாக இருந்தது.

சுஜின் வந்துவிட்டான். வாசலில் சுவரைப் பார்த்து நின்றான். உள்ளே வா என்று அவள் கத்தியதும் சுவரைப் பார்த்தபடியே, முதுகைக் கட்டிலுக்குக் காட்டிக்கொண்டு நுழைந்தான். அப்படியே சலைன் பையைத் தடவித் தடவி மாட்டினான். ஊசி மருந்தை நிரப்பி முதுகுக்குப் பின்னால் நீட்டினான். கையில் ஊசிக்குழாயைச் செருகவேண்டி வந்தபோது, கண்ணை வலம்புரியின் முழங்கையை விட்டு ஓர் அங்குலமும் நகர்த்தாமல் செருகினான். அவன் சட்டை முதுகு முழுக்க நனைந்துவிட்டது.

டாக்டர் மெஹர் அறுவை அங்கியோடு ஓடிவந்தார். படுக்கையைப் பார்த்தார். யாரையும் எதுவும் கேட்காமல் கையுறையை மாற்றினார். நஞ்சுக்கொடியின் ஒரு துண்டு உள்ளேயே தங்கியிருந்தது. அதை எடுத்து, கருப்பை இறுகி, ரத்தம் ஏற்றி, வலம்புரியின் துடிப்பு ஓரளவு நிதானத்துக்கு வருவதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. இன்னாசி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடைகூடத்தில் நின்றே இருந்தான். பிழைத்துவிட்டாள் என்று சொன்னபோது அவனால் உட்காரக்கூட முடியவில்லை.

மறுநாள் ரெஜிலா பட்டை கட்டாமல் வலம்புரியைப் பார்க்கப் போனாள். வேலைக்குச் சேர்ந்த பிறகு எந்த நோயாளியிடமும் அப்படிப் போனதில்லை. வாசலில் கொஞ்சம் தயங்கினாள். என்ன பேசுவதென்று தெரியவில்லை. உள்ளே ஒன்றுமே இல்லாமல் வெறுமனே போவது எப்படியோ இருந்தது.

வலம்புரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். குறிப்பாகக் கையைப் பார்த்தாள். பிறகு நிம்மதியாக மூச்சு விட்டாள்.

ரெஜிலா பக்கத்தில் உட்கார்ந்தாள். நேராகவே கேட்டாள். "நீ ஏன் சொல்லல? வலிக்குதுன்னாவது சொல்லியிருக்கலாமே."

வலம்புரி உடனே பதில் சொல்லவில்லை. ரெஜிலாவும் எழுந்து போகவில்லை.

"சொல்லத்தான் கரைக்கு வந்தேன் சிஸ்டர்" என்றாள் வலம்புரி. "அங்க யார்கிட்டயும் வாயத் தொறக்க முடியாது. கரைக்காரங்களுக்கு வெக்கம் கெடையாது, நேரா கேப்பாங்க, நாமளும் சொல்லிறலாம்னு இன்னாசிகிட்ட சண்ட போட்டு வந்தேன். இங்க பாத்தா ஒவ்வொருத்தரும் எங்க மாமியா மாதிரியே வந்து நிக்கிறீங்க."

"மாமியார் மாதிரின்னா?"

"அதே மாதிரி இடுப்புல கைய ஊணிக்கிட்டு. அதே மாதிரி சன்னலப் பாத்துக்கிட்டு. காத்து எப்படி இருக்குன்னு கேக்கிறப்போ கடைசியில ஒரு இழுவை இழுப்பாங்க, அதுகூட அப்படியே. அவங்க ஒரு வருசம் தலையில பட்டையைக் கட்டிக்கிட்டு இருந்தாங்கள்ல, அவங்கதான் உங்க எல்லாருக்குள்ளயும் இருக்காங்கன்னு நேத்துதான் எனக்குப் புரிஞ்சது. யாருக்குப் பயந்து ஓடி வந்தேனோ அவங்கதான் ஒவ்வொரு தடவையும் கதவத் தொறந்துக்கிட்டு வர்றாங்க. எப்படிச் சொல்லுவேன்?"

பதிவு தந்தவர் யாரென்று செவிலியருக்குச் சொல்லமாட்டார்கள். ஒரு மனுஷி என்றுகூட அவர்கள் நினைத்ததில்லை. மிதவைக்காரர் என்றுதான் நினைத்தார்கள்.

பிறகு வேறொன்று அவளுக்கு உறைத்தது. மாமியார் எப்போதும் அப்படித்தான் நிற்பாரா என்று கேட்டாள். அதிகமாக நிற்கவே மாட்டார், நிற்கவேண்டி வந்தால் அப்படித்தான் என்றாள் வலம்புரி. தான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே அப்படித்தானாம்.

கல்லூரியில் உள்வாழ்விப் பயிற்சித் தேர்வில் அது இரண்டு மதிப்பெண் கேள்வி. 'மிதவைப் பெண்கள் நிற்பதில்லை, குந்தியிருப்பதையே விரும்புவர்.' ரெஜிலாவும் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். பதிவைக் கட்டிய ஒவ்வொரு முறையும் அந்த அடிவயிற்றுக் கனத்தை உணர்ந்திருக்கிறாள். உள்ளே ஏதோ கழன்று இறங்குவது போன்ற இழுப்பு. அதை அவர்களுடைய இயல்பு என்றே எடுத்துக்கொண்டாள். தன் மேல் அது ஏறி இறங்கியிருந்தும், அது ஒரு நோயின் அறிகுறியாக இருக்கலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லை. வேறு எந்தப் பெண்ணாவது வந்து இப்படி இழுக்கிறது என்று சொல்லியிருந்தால் கருப்பை இறக்கம் என்று உடனே சந்தேகித்திருப்பாள்.

மருத்துவமனையில் விசாரணை நடந்தது. ரெஜிலா நடந்ததையெல்லாம் சொன்னாள். 'ஓய்வில்' என்று அழுத்தியதையும் சொன்னாள். பதிவில் பிழையில்லை, அது மிகத் துல்லியமாக வேலை செய்திருக்கிறது என்று உள்வாழ்வி நிறுவனத்துப் பொறியாளர் விளக்கினார். ஒருத்தியின் பதிவுக்குப் பதிலாக ஐந்து பெண்களின் பதிவுகளைக் கலந்து சராசரி எடுத்துத் தருவதாகச் சொன்னார். அந்த ஐந்து பேரில் வலம்புரி போன்ற ஒருத்தி இருந்தால் அவளுடைய குரல் சராசரியில் எங்கே போகும் என்று டாக்டர் மெஹர் கேட்டார். பொறியாளர் அதைக் குறித்துக்கொண்டார்.

கடைசியில் பட்டையை வார்டுக்குள் கொண்டுபோகக்கூடாது, கல்லூரியில் பயிற்சிக்கு மட்டும் என்று முடிவானது. கட்டிப் பார்த்த மாணவி அதைக் கழற்றியதும், அதே சமூகத்து நோயாளி ஒருவரோடு வெறும் ஆளாக உட்கார்ந்து பேசவேண்டும். பழைய பாடத்தைத் திரும்பக் கொண்டுவர ஆசிரியர்களைத் தேடினார்கள். அதை நடத்தத் தெரிந்தவர்கள் கிடைப்பது சிரமமாக இருந்தது. முதல் வகுப்பில் மாணவிகள் நோயாளிக்கு எதிரே மௌனமாக உட்கார்ந்திருந்ததாகவும், எப்படித் தொடங்குவது என்று ஒருத்திக்கும் தெரியவில்லை என்றும் சுஜின் வந்து சொன்னான்.

வலம்புரி தேறி ஊர் திரும்பிய மருத்துவப் படகில் ரெஜிலாவும் போனாள். வலம்புரியின் மாமியார் அமலோற்பவத்தைப் பார்க்கவேண்டும் என்று விடுப்பு எடுத்திருந்தாள். பட்டையை எடுத்துக்கொள்ளவில்லை.

மிதவை அவள் நினைத்ததைவிட நெருக்கமாக இருந்தது. மேடையின் மேல் வரிசை வரிசையாக வீடுகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே மெல்லிய தடுப்பு மட்டும். ஒரு வீட்டில் கரண்டி விழுந்தால் நாலு வீட்டில் கேட்கும். பெண்கள் நன்னீர்த் தொட்டிகளைக் கயிற்றால் கட்டிப் படகிலிருந்து மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தியின் முதுகில் சில நாள் வயதுள்ள குழந்தை ஒன்று துணியால் கட்டப்பட்டிருந்தது.

வலம்புரியின் வீட்டுக்குள் நுழைந்ததும் ரெஜிலா தவறான இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். அது கடலுக்குப் போனவனுக்கு விட்டுவைக்கும் இடமாம். வலம்புரி பதறினாள். அமலோற்பவம் சிரித்துவிட்டு, கையைப் பிடித்து எழுப்பி வேறு இடத்தில் உட்காரவைத்தாள். மெலிந்த, நேர்த்தியான பெண்மணி. கண்ணில் கண்டிப்பு இருந்தது. மருமகளைக் காப்பாற்றியதற்கு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பொரித்த மீனின் நடுத்துண்டை ரெஜிலாவின் தட்டில் வைத்தாள்.

சாப்பிட்டு முடிக்கும்வரை ரெஜிலா காத்திருந்தாள். பிறகு, பதிவு ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டாள்.

"எங்க பொம்பளைப் பிள்ளைக கரையில கூசிப்போயிறக் கூடாதுன்னு குடுத்தேன். கேக்கக் கூடாததைக் கேட்டு, தொடக் கூடாத எடத்துல தொட்டு, நானே ஒரு காலத்துல கரை ஆஸ்பத்திரியில இருந்து எந்திரிச்சு ஓடி வந்தவதான்."

"அந்தப் பதிவைக் கட்டுறப்போ எங்களுக்கு அடிவயிறு கனக்கும் அம்மா. கீழ இழுக்கும். நிக்க முடியாது."

அமலோற்பவத்தின் முகம் சன்னல் பக்கம் திரும்பியது. ரெஜிலா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அது அதுல வராதுன்னாங்க" என்றாள் அமலோற்பவம் கடைசியில், மிகத் தாழ்ந்த குரலில். "நெனப்பு எதுவும் வராதுன்னாங்க."

"நெனப்பு வரல. வலி வந்துச்சு."

"எத்தனை பேருக்கு?"

"இந்தக் கரையில இருக்கிற நர்சுங்க எல்லாருக்கும். ஆயிரக்கணக்குல இருப்பாங்க."

அமலோற்பவம் விரல்களை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் கணவனுக்கும் மகனுக்கும் தெரியாமல் வைத்திருந்தது. கூச்சம் அவள் கழுத்தில் சிவப்பாக ஏறுவது தெரிந்தது. ஆனால் அவள் கேட்டது வேறு.

"அத்தனை பேருக்கும் வலிச்சிருக்கு. ஒருத்தியும் ஏன்னு கேக்கலையே."

"மரியாதைன்னு நெனச்சோம் அம்மா."

"நான் குடுத்த மரியாதை" என்றாள் அமலோற்பவம்.

ரெஜிலா நகர்ந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள். வேறு பக்கம் பார்க்காமல், குரலையும் தாழ்த்தாமல், தான் படிக்காத பாடத்தைத் தட்டுத்தடுமாறிக் கேட்டாள். எப்போது தொடங்கியது. எந்தப் பிரசவத்துக்குப் பிறகு. எத்தனை நாளில் தொட்டி இழுக்கப் போனீர்கள். நடக்கும்போது ஏதாவது வெளியே வருகிறதா. ரத்தம் போகிறதா. அந்தச் சொல் விழுந்ததும் பக்கத்து வீட்டில் ஓடிக்கொண்டிருந்த பாட்டுப்பெட்டி நின்றது. அதற்கு அடுத்த வீட்டில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. மேடை முழுக்க அமைதியாகிவிட்டது. சுற்றிலும் எல்லா வீடுகளிலும் ஆட்கள் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்கிறார்கள் என்பது ரெஜிலாவுக்குத் தெரிந்தது. அமலோற்பவத்துக்கும் தெரிந்தது.

வலம்புரி எழுந்து போய் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அமலோற்பவம் கோத்திருந்த விரல்களைப் பிரித்தாள். பிறகு தலையை நிமிர்த்திப் பதில் சொன்னாள். இன்னாசி பிறந்தபோதிலிருந்து. பிறந்த மறுவாரமே தொட்டி இழுத்தேன். எல்லாரும் அப்படித்தான் இழுப்பார்கள். ஆமாம், வெளியே வருகிறது. ஆமாம், போகிறது. ஒவ்வொரு பதிலையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தமாகவே சொன்னாள்.

இதற்கு வைத்தியம் உண்டு, சின்ன அறுவைதான், நான் கூடவே இருப்பேன் என்று ரெஜிலா சொல்லிக்கொண்டிருந்தபோது இடது பக்கத் தடுப்பை யாரோ விரலால் தட்டினார்கள்.

"சிஸ்டர்" என்றது ஒரு பெண்குரல். முகம் தெரியவில்லை. "அங்க முடிச்சிட்டு இந்தப் பக்கம் வருவீங்களா? எங்கிட்டயும் கேக்கணும்."

வலது பக்கத் தடுப்பிலும் தட்டும் சத்தம் கேட்டது. அதற்கு அப்பால் இன்னொன்று. மதியப் படகு கரைக்குத் திரும்பும் மணி அடித்தது. தான் இன்று அதில் வரப்போவதில்லை என்று படகுக்காரரிடம் சொல்லிவிட்டு வரும்படி ரெஜிலா வலம்புரியை அனுப்பினாள்.